கவுன்சலிங் போகிறேன், அங்கே என்ன பேசுவது?

கேள்வி:

எனக்கு வயது 38. ஒன்றரை வருடத்துக்கு முன் என் அக்கா நோயில் இறந்துவிட்டாள். கடைசி மாதங்களில் அவளைப் பார்த்துக்கொண்டது நான்தான். அவள் போனபோதுகூட நான் பெரிதாக அழவில்லை, எல்லா வேலைகளையும் எடுத்துப் போட்டுச் செய்தேன். இப்போது சில மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். அலுவலகத்தில் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கணவர் வற்புறுத்தி ஒரு உளவியல் ஆலோசகரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். வரும் வியாழக்கிழமை. இப்போது போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. அங்கே எதிலிருந்து ஆரம்பிப்பது? சின்ன வயது விஷயங்களை எல்லாம் கிளறுவார்களா? அம்மாவைப் பற்றியும், இறந்துபோன அக்காவைப் பற்றியும் ஒரு வெளி ஆளிடம் குறை சொல்வது தப்பில்லையா? நான் சொல்வது வெளியே போகாது என்று எப்படி நம்புவது? எத்தனை நாள் போக வேண்டியிருக்கும்? கவுன்சலிங் போகும் அளவுக்கு என் பிரச்சினை பெரியதுதானா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை வாசல் வரை போய் உங்களைத் திரும்ப வைக்கக்கூடிய கேள்வி அதுதான். ஆமாம், உங்கள் பிரச்சினை போதுமான அளவுக்குப் பெரியது. மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டிருக்கிறது. பிள்ளைகளிடம் நீங்களே விரும்பாத மாதிரி நடந்துகொள்கிறீர்கள். வேலைக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே போகலாம். உங்களைவிட அதிகமாகக் கஷ்டப்படுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்களை நினைத்து நீங்கள் போகாமல் இருப்பதால் அவர்களுக்கும் ஒன்றும் குறையப்போவதில்லை, உங்களுக்கும் மூன்று மணி விழிப்பு நிற்கப்போவதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இந்தச் சந்தேகத்தை நான் நிறையவே கேட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் இன்னொருவருடைய வலியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் வலி எப்போதும் சின்னதாகத்தான் தெரிகிறது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நெருங்கியவரை இழந்த எல்லோருக்கும் கவுன்சலிங் தேவைப்படாது. துக்கம் நோய் இல்லை. பெரும்பாலானவர்கள் சுற்றி இருப்பவர்களின் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் நாட்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அது ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துயரம் ஒரு தனிப் பிரச்சினையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இழப்புக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் கடந்தும், தினசரி வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குத் துயரம் தொடர்ந்தால் அதைப் பற்றி யோசிக்கிறோம். உங்களுக்கு இருப்பது அதுவா, மன அழுத்த நோயா, நீண்ட நாள் களைப்பா, இவை எல்லாம் கலந்ததா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. அதை நேரில் உட்கார்ந்து பார்க்கத்தான் முதல் சந்திப்பு.

அந்த முதல் சந்திப்பைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

போனதும் உங்களிடம் ஒன்றிரண்டு படிவங்கள் கொடுப்பார்கள். பெயர், வயது, இப்போது சாப்பிடும் மருந்துகள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற விவரங்கள் ஒன்றில் இருக்கும். இன்னொன்று சம்மதப் படிவம். கட்டணம், ரகசியம், வர முடியாவிட்டால் எவ்வளவு நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் போன்றவை அதில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாததைக் கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை என்று எந்த நல்ல ஆலோசகரும் எடுத்துக்கொள்ள மாட்டார். சில இடங்களில் ஒரு கேள்வித்தாளும் தருவார்கள். மன அழுத்த நோய்க்கு ஒன்பது கேள்விகளும், பதற்றத்துக்கு ஏழு கேள்விகளும் கொண்ட இரண்டு தாள்கள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, ஆர்வம் எப்படி, கவனம் எப்படி என்று கேட்கும். அது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சை இல்லை. இன்று எங்கே நிற்கிறீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, எட்டுப் பத்து வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதனால் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள மதிப்பெண்ணைக் குறைத்துப் போடாதீர்கள்.

அப்புறம் பேச்சு. பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம். முதல் தடவை சிலர் கூடுதல் நேரம் எடுப்பார்கள். இந்தச் சந்திப்பில் ஆலோசகர் நிறையக் கேள்வி கேட்பார். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, வீட்டில் யார் யார், உடம்புக்கு ஏதாவது உண்டா, முன்பு எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறதா, குடிப்பழக்கம், தூக்க மாத்திரை உண்டா என்றெல்லாம். ஒரு விசாரணை மாதிரி இருக்கிறதே என்று சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பின்னால் வரும் சந்திப்புகள் இப்படி இருக்காது. முதல் முறை முழுப்படம் தெரிந்தாக வேண்டும் என்பதால்தான் அந்த அவசரம்.

ஒரு கேள்வி உங்களைத் திடுக்கிட வைக்கலாம், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். “செத்துப்போனால் தேவலை என்று தோன்றியிருக்கிறதா?” என்று கேட்பார். உங்கள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. எல்லோரிடமும் கேட்கிறோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படி ஒரு எண்ணம் வந்துபோவதற்கும், எப்படி, எப்போது என்று திட்டம் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஆலோசகருக்கு அந்த வித்தியாசம் தெரியும். சொன்ன உடனே உங்களை எங்கேயாவது கொண்டுபோய் அடைத்துவிட மாட்டார். இந்தக் கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. ஒருவேளை எழுதாமல் விட்டிருந்தால், திட்டம் என்ற அளவுக்கு அது போயிருந்தால், வியாழக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இன்றே கணவரிடம் சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டுபோங்கள். பேச்சு வரவில்லை என்றால் எடுத்துப் படியுங்கள், இல்லையென்றால் அவரிடமே படிக்கக் கொடுங்கள். இதைவிடத் தெளிவான தொடக்கம் வேண்டியதில்லை. வரிசையாக, கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடுவிலிருந்து ஆரம்பிக்கலாம், சொன்னதையே திரும்பச் சொல்லலாம், “இதை இன்னொரு நாள் சொல்கிறேன்” என்று நிறுத்திக்கொள்ளலாம். அழுகை வந்தால் அழலாம். உங்கள் விஷயத்தில் அழுகை வராமல் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். அழாவிட்டால் துக்கமே இல்லை என்று யாரும் அங்கே கணக்கெழுத மாட்டார்கள். கோபமாகவும், எரிச்சலாகவும், ஓயாமல் வேலை செய்துகொண்டே இருப்பதாகவும் துக்கம் வெளிவருவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

சில நேரம் அவர் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் முதல் தடவை சங்கடமாக இருக்கும். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று யோசிக்கத் தோன்றும். நீங்கள் யோசிக்க இடம் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். தாங்க முடியவில்லை என்றால், “நீங்கள் பேசாமல் இருப்பது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள்.

இந்தப் பதிலில் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயமும் அதுவே. கவுன்சலிங் பற்றி உங்களுக்கு என்ன தோன்றினாலும், அதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அந்த அறையிலேயே சொல்லுங்கள். சலிப்பு, சந்தேகம், பயம், அவர் மேல் கோபம், “இதனால் என்ன பிரயோஜனம்” என்ற எண்ணம், எதுவானாலும். நம்மில் பலர் மருத்துவரிடம் தலையாட்டிவிட்டு வந்து, வெளியே வந்த பிறகு வேறு முடிவு எடுத்துப் பழகியவர்கள். மாத்திரை விஷயத்தில் அந்தப் பழக்கத்தோடு ஓரளவு ஓட்டலாம். பேச்சே மருந்தாக இருக்கும் இடத்தில் முடியாது. வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், தெரபி தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியிலேயே நின்றுவிடுகிறார். எல்லோரும் ஒரே காரணத்துக்காக நிற்பதில்லை, பணமும் தூரமும்கூடக் காரணங்கள்தான். ஆனால் மனசில் ஏதோ உறுத்தி, அதைச் சொல்லத் தயங்கி, அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்று போனில் சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் நிறைய. இன்னும் ஒரு பத்து நிமிடம் பேசியிருந்தால் சரியாகியிருக்கும் என்று தோன்றும் விலகல்கள் அவை.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் இதைப் பற்றி எழுதியது இன்றுவரை எங்கள் பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது. சிகிச்சை உறவு மூன்று விஷயங்களில் நிற்கிறது என்றார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை. எந்தப் பாணித் தெரபியாக இருந்தாலும் இந்த உறவின் தரத்தை வைத்துப் பலனை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்று அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த உறவு நடுவில் எப்போதாவது கீறல் விடத்தான் செய்யும். நீங்கள் அக்காவின் கடைசி நாளைப் பற்றிச் சொல்லும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். அடுத்த வாரம் போய், “அன்றைக்கு நீங்கள் மணி பார்த்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஆலோசகர் சாக்குச் சொல்ல மாட்டார், கேட்டுக்கொள்வார், தேவையென்றால் வருத்தம் தெரிவிப்பார். மனசில் இருந்ததைச் சொல்லியும் ஒரு உறவு உடையவில்லை என்ற அனுபவம் பலருக்கு அங்கேதான் முதல் தடவையாகக் கிடைக்கிறது. சொல்லிச் சரிசெய்துகொண்டவர்களுக்கு, சொல்லாமல் விட்டவர்களைவிடச் சிகிச்சையின் பலன் நன்றாக இருப்பதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, வெளி ஆளிடம் குறை சொல்வது தப்பில்லையா என்று கேட்டிருந்த வரி. அம்மாவைப் பற்றி ஏதோ இருக்கிறது, அக்காவைப் பற்றியும் ஏதோ இருக்கிறது. என்னவென்று நீங்கள் எழுதவில்லை, நானும் யூகிக்கப் போவதில்லை. ஆனால் நீண்ட நாள் நோயில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சில உணர்ச்சிகள் வந்தே தீரும். சலிப்பு வரும். “எப்போதுதான் முடியும்” என்று ஒரு நொடி தோன்றியிருக்கும். “எல்லாம் என் தலையிலேயே விழுகிறதே, மற்றவர்கள் எங்கே” என்ற கோபம் வரும். முடிந்த பிறகு ஒரு நிம்மதிகூட வரும், அதைத் தொடர்ந்து அந்த நிம்மதிக்காகவே வெட்கம் வரும். இதை எல்லாம் வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் கேட்பவர்களுக்கு வலிக்கும், அவர்களும் அதே இழப்பில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் அந்த இழப்போடு சம்பந்தப்படாத ஒருவர் தேவைப்படுகிறார். அவர் உங்கள் அம்மாவை நாளைக்குச் சந்திக்கப்போவதில்லை, உங்கள் குடும்பத்தில் யார் பக்கமும் நிற்கப்போவதில்லை.

அங்கே நடப்பது புறம் பேசுவதும் இல்லை. அக்காவிடம் உங்களுக்குக் கோபம் இருந்தது என்று சொன்னால், ஆலோசகர் “அப்படியா, மோசமான அக்கா” என்று முடிவுகட்ட மாட்டார். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது, அதற்குப் பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று கேட்பார். பெரும்பாலும் பக்கத்தில் பாசம் இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று தெரிந்த பிறகு ஒருவருக்கு அக்காவின் மேல் மரியாதை குறைந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தத் துரோக உணர்வு உங்களுக்கு வரும். வரும்போது அதையும் சொல்லுங்கள்: “இதைச் சொல்லும்போதே எனக்குத் தப்பு செய்வது போல இருக்கிறது.” உங்களோடு வேலை செய்வதற்கு அந்த ஒரு வாக்கியம் அவருக்கு நிறையவே உதவும்.

சின்ன வயதைக் கிளறுவார்களா என்றால், அது அவர் எந்த வழியில் பயிற்சி பெற்றவர் என்பதைப் பொறுத்தது. சோஃபாவில் படுக்க வைத்துப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கேட்பது, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டின் வழி. சினிமாக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதால் எல்லோர் மனசிலும் அந்தக் காட்சியே இருக்கிறது. இன்று பெரும்பாலான இடங்களில் இரண்டு நாற்காலிகளும் ஒரு டிஷ்யூ பெட்டியும்தான். ஃபிராய்டின் மரபில் வந்தவர்கள் பழைய உறவுகளைப் பற்றிக் கூடுதலாகப் பேசுவார்கள். 1960-களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிதல் நடத்தைச் சிகிச்சையில், இன்றைய எண்ணங்கள், இன்றைய பழக்கங்கள், அவற்றை எப்படி மாற்றிப் பார்ப்பது என்பதே மையம். வாரா வாரம் வீட்டுப்பாடம்கூட இருக்கும், தூக்க நேரத்தைக் குறித்து வருவது மாதிரி. துக்கத்துக்கென்றே தனியாக வகுக்கப்பட்ட சிகிச்சை முறைகளும் உண்டு. நடைமுறையில் பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைக் கலந்துதான் வேலை செய்கிறார்கள். எந்த வழியானாலும், நீங்கள் தயாராக இல்லாத கதவை யாரும் உடைத்துத் திறக்கக்கூடாது. “இதைப் பற்றி இப்போது வேண்டாம்” என்று சொன்னால் நிறுத்த வேண்டும்.

அறிவுரையை மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். “நான் என்ன செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் கேள்வி உங்களிடமே திரும்பி வரும். முதலில் எரிச்சலாக இருக்கும். அறிவுரை சொல்ல உங்களைச் சுற்றி ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள், அதில் குறையே இருந்திருக்காது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் செய்ய வேண்டிய குறிப்பிட்ட பயிற்சிகளை அவர் நேரடியாகவே சொல்லித்தருவார். வாழ்க்கை முடிவுகளில்தான் அப்படிச் சொல்லாமல் இருப்பார்.

ரகசியம் பற்றி. நீங்கள் அங்கே வருகிறீர்கள் என்பதுகூட ரகசியம்தான். அதை உங்கள் அனுமதி இல்லாமல் கணவரிடமோ அலுவலகத்திலோ சொல்லக்கூடாது. கணவர்தான் நேரம் வாங்கித்தந்தார், கட்டணமும் அவரே கட்டுகிறார் என்றாலும் சரி. ஆனால் எல்லை இல்லாத ரகசியம் என்று ஒன்று கிடையாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்ற தகவல், நீதிமன்ற உத்தரவு, பொதுவாக இந்த மாதிரிச் சூழ்நிலைகளில் அவர் வெளியே பேச வேண்டியிருக்கும். சரியான விதி ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் பொறுத்து மாறும். தவிர, ஆலோசகர்கள் தங்கள் மேற்பார்வையாளரிடம் தங்களிடம் வருபவர்களைப் பற்றிக் கலந்து பேசுவது உண்டு, அப்போது உங்கள் பெயரோ அடையாளமோ வரக்கூடாது. முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சூழ்நிலையில் நீங்கள் வெளியே சொல்வீர்கள்? என்னைப் பற்றிய குறிப்புகளை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? காப்பீட்டில் பணம் கோரினால் அவர்களுக்கு என்ன விவரம் போகும்? தயக்கமில்லாமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ஆன்லைனில் பேசுவதானால் உங்கள் பக்கத்து ரகசியம் உங்கள் பொறுப்பு. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில், மெல்லிய சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து மனம் விட்டுப் பேச முடியாது.

அவருடைய தகுதியைக் கேட்கவும் தயங்காதீர்கள். என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், துக்கத்தோடு வருபவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்கலாம். பல நாடுகளில் கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்தப் படிப்பும் தேவையில்லாத நிலை இருக்கிறது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரே சந்திப்பில் குணமாக்குகிறேன் என்பவரிடம், மற்ற நோயாளிகளின் கதைகளை உங்களிடம் சொல்பவரிடம், தன் சொந்தக் கஷ்டங்களையே பேசிக்கொண்டிருப்பவரிடம் தொடராதீர்கள். வெளியே தனியாகச் சந்திக்கலாம் என்று கூப்பிடுவது, பாலியல் நோக்கத்தோடு பேசுவது, தொடுவது எல்லாம் இந்தத் தொழிலில் எங்கேயும் எந்த நிலையிலும் அனுமதிக்கப்படாதவை. அப்படி நடந்தால் அறையிலேயே பேசித் தீர்க்க வேண்டும் என்று நான் மேலே சொன்னது பொருந்தாது. எழுந்து வந்துவிடுங்கள், புகார் கொடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பொது மருத்துவரிடம் ஒரு முறை உடம்பைக் காட்டிவிடுங்கள். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட மனசோர்வு மாதிரியே தெரியும். விடியற்காலையில் விழித்துக்கொண்டு திரும்பத் தூங்க முடியாமல் போவது மன அழுத்த நோயில் அடிக்கடி பார்க்கும் அறிகுறி என்பதால், ஆலோசகர் உங்களை மனநல மருத்துவரிடம் ஒரு முறை போய்வரச் சொல்லலாம். சொன்னால் பயப்படாதீர்கள். மருந்து எழுதுவது பொதுவாக மனநல மருத்துவரின் வேலை, பேச்சுச் சிகிச்சை ஆலோசகரின் வேலை, இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். மருந்து கொடுத்தால் அது முழுமையாக வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்? சிலருக்கு முதல் நாளே பாரம் இறங்கின மாதிரி இருக்கும். சிலருக்கு அன்றைக்கு ராத்திரி முன்பைவிட மோசமாக இருக்கும். ஒன்றரை வருடமாகத் தொடாமல் வைத்திருந்ததைத் தொட்டிருக்கிறீர்கள், அதனால் களைப்பு, தலைவலி, திடீர் அழுகை, கனவு எல்லாம் வரலாம். 1980-களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், மனசைப் பாதித்த அனுபவங்களைச் சில நாட்கள் தொடர்ந்து எழுதச் சொல்லி ஆராய்ந்தபோதும் இதைத்தான் பார்த்தார். எழுதி முடித்த உடனே பலருக்கு மனசு கனத்தது, பிந்திய மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதனால் வியாழக்கிழமை சந்திப்பு முடிந்ததும் நேராக ஒரு மீட்டிங்குக்கோ பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கோ போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரமாவது உங்களுக்கென்று விடுங்கள். கணவரிடம், “வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள், எனக்குத் தோன்றும்போது நானே சொல்கிறேன்” என்று முன்பே சொல்லிவைத்தால் அவருக்கும் நல்லது.

கனம் சில நாட்களில் குறைந்துவிட வேண்டும். வாரக்கணக்கில் தொடர்ந்து நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் அது சிகிச்சையின் இயல்பு என்று பொறுத்துக்கொண்டு உட்காரக்கூடாது. தெரபி எடுப்பவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, ஆய்வுகளின்படி நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, முடியும்போது நிலைமை ஆரம்பத்தைவிட மோசமாக இருக்கிறது. இதை எங்கள் தொழிலில் உள்ளவர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் மோசமாவதைச் சொன்னால்தான் அவர் வழியை மாற்றவோ வேறொருவரிடம் அனுப்பவோ முடியும்.

எத்தனை நாள் என்பதற்கு ஒரே எண் கிடையாது. வழக்கமாக வாரம் ஒரு முறை. 1986-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், எட்டு அமர்வுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேரிடமும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 அமர்வுகளுக்குள் முடியும். பழைய உறவுகளை ஆழமாகப் பார்க்கும் சிகிச்சைகள் வருடக்கணக்கிலும் போகும். உங்கள் ஆலோசகரிடம், “சுமாராக எவ்வளவு காலம் ஆகும், நடுவில் எப்போது நின்று பார்ப்போம்?” என்று முதல் நாளே கேளுங்கள். ஆறாவது, எட்டாவது சந்திப்புப் பக்கம் ஒரு தடவை உட்கார்ந்து, தூக்கம் எப்படி, பிள்ளைகளிடம் கோபம் எப்படி என்று இருவரும் சேர்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது. முன்னேற்றம் நேர்க்கோட்டில் வராது. மூன்று வாரம் நன்றாகத் தூங்கிவிட்டு அக்காவின் பிறந்தநாள் வரும் வாரத்தில் மறுபடி மூன்று மணிக்கு விழிக்கலாம். அதை வைத்து எல்லாம் வீண் என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த ஆலோசகர் உங்களுக்கு ஒத்துவராமலும் போகலாம். அவர் கெட்டவராகவோ திறமையில்லாதவராகவோ இருக்க வேண்டியதில்லை, பேச்சு ஓடவில்லை, அவ்வளவே. மூன்று நான்கு சந்திப்பு பாருங்கள். அவரோடு பேசிப் பார்த்தும் இந்த எண்ணம் மாறவில்லை என்றால், வேறொருவரைச் சிபாரிசு செய்ய முடியுமா என்று அவரிடமே கேட்கலாம். இதற்காக எந்த ஆலோசகரும் மனம் புண்படக்கூடாது, புண்பட்டாலும் அது நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயமில்லை. வேறொருவரிடம் போகும்போது, முதலாமவரிடம் எது சரிவரவில்லை என்பதைச் சொல்லியே தொடங்குங்கள். இரண்டாமவருக்கு அது நல்ல ஆரம்பமாக இருக்கும்.

முடிக்கும் நேரம் வரும்போது, திடீரென்று போகாமல் நிறுத்திவிடாதீர்கள். “எனக்கு இப்போது பரவாயில்லை, எப்படி முடிப்பது?” என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு முடிப்பது வழக்கம். அக்காவின் பிரிவில் உங்களுக்குச் சொல்ல முடியாமல் போனது ஏதாவது இருந்தால், அந்தக் கடைசிச் சந்திப்புகளில் அது மேலே வர வாய்ப்பு அதிகம். ஒருவரிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டு விடைபெறுவது அந்த அறையில்கூடச் சுலபமாக இருக்காது, அதனால் அதற்கென்று இரண்டு மூன்று சந்திப்புகளைத் தனியாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எப்போதாவது தேவைப்பட்டால் மறுபடி நேரம் வாங்கிக்கொண்டு போகலாம், பலரும் அப்படிப் போகிறார்கள்.